விலாங்குக்கு எடுத்த எக்ஸ்ரே

பெங்ஹூ கடலில் இருக்கும் லுங்வே தீவின் சுகாதார நிலையத்துக்கு டாக்டர் ஒருவர் உண்டு. செவ்வாயும் வெள்ளியும் படகில் வருவார். வடகிழக்குக் காற்று அடிக்கும் மாதங்களில் அதுவும் கிடையாது. மற்ற நாட்களில் யாருக்கு எது ஒடிந்தாலும் பார்த்துச் சொல்வது எக்ஸ்ரே எடுக்கும் சூச்சின்தான். இருபத்தாறு வருஷமாகச் சொல்லி வருகிறாள். அவள் சொன்னதையே டாக்டர் இரண்டு தரம் இருமிவிட்டுத் திரும்பச் சொல்வார், கீழே கையெழுத்தும் போடுவார். அதற்குத்தான் படிப்பு வேண்டும் என்பது.

ஒரு டிசம்பர் மாதப் புதன்கிழமை காலையில், தைபே பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்த பேராசிரியர் லியாவ் கையில் பிளாஸ்டிக் வாளியோடு உள்ளே நுழைந்தார். விலாங்கு மீன்களில் அவரை மிஞ்ச ஆளில்லை. பதினோரு புது இனங்களுக்குப் பெயர் வைத்தவர். அதை அவரே சொல்லித்தான் ஊருக்குத் தெரியும் என்றாலும், ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

"இத ஒரு படம் எடுக்கணும்மா," என்றார்.

சூச்சின் எட்டிப் பார்த்தாள். ஒன்றரை அடிக்குச் சற்று மேலாக, சேற்று நிறத்தில், ஒரு விலாங்கு செத்துக் கிடந்தது.

"இது என்ன அதிசயம்?"

"இந்த இனத்த உலகத்துல இதுவரைக்கும் யாரும் பாத்ததில்ல."

பெஞ்சில் விலாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மீனவர் ஹுங் கழுத்தை நீட்டினார். "நேத்துகூட நாலு எடுத்து வீசினேனே. பன்னிகூடத் திங்காது."

"பாக்குறது வேற, கண்டுபிடிக்கிறது வேற பெரியவரே," என்றார் லியாவ்.

விஷயம் இதுதான். இந்த வகை விலாங்குகள் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். முதுகெலும்பில் எத்தனை கணுக்கள் என்று எண்ணினால்தான் இனம் பிரியும். தெரிந்த இனத்துக்கு நூற்று நாற்பத்து மூன்றிலிருந்து நாற்பத்தெட்டு வரை. ஐம்பதைத் தாண்டினால் புதுசு. காற்றில் படகு நின்றுபோனதால் தைபேக்குக் கொண்டுபோய்ப் படம் எடுக்க வழியில்லை. ஜப்பானில் எவரோ ஒருவர் இதே மாதிரி ஒன்றை ஜாடியில் போட்டு வைத்திருப்பதாகவும் கேள்வி. பேராசிரியருக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

"முன்னால வந்தவன் நான்," என்றார் ஹுங்.

"உங்கள மாதிரி ஆளு ஊருக்கு நூறு பேரு. இது ஒண்ணே ஒண்ணு."

ஹுங் யோசித்தார். "வீட்லயும் அதத்தான் சொல்றாங்க," என்று பெஞ்சில் சாய்ந்துகொண்டார்.

பதிவுச் சீட்டு இல்லாமல் சூச்சின் படம் எடுக்கமாட்டாள். பெயர் என்ற இடத்தில் விலாங்கு என்று எழுதினாள். வயது, தெரியாது.

"கர்ப்பமா?"

"என்னம்மா விளையாடுற?"

"கேக்காம எடுக்கக் கூடாது. விதி."

"ஆணுன்னுதான் நெனைக்கிறேன். வயித்தக் கிழிச்சாத்தான் உறுதியாச் சொல்ல முடியும்."

"பரவால்ல, எங்க டாக்டரும் அப்படித்தான்," என்று சொல்லிக்கொண்டே கட்டத்தில் கோடு போட்டாள்.

ஃபிலிமின் நீளத்துக்குள் விலாங்கு அடங்கவில்லை. மூலைக்கு மூலை கோணலாக வைத்தால் ஒரே படத்தில் வந்துவிடும் என்றாள் சூச்சின். கோணல் படம் ஆராய்ச்சிப் பத்திரிகையில் அசிங்கமாக இருக்கும், நேராகத்தான் வேண்டும் என்றார் அவர். சரி என்று தலைப்பக்கம் ஒன்று, வால்பக்கம் ஒன்றாக இரண்டு படம் எடுத்தாள். நடுவில் இரண்டும் கொஞ்சம் ஒன்றன்மேல் ஒன்று விழும் அல்லவா, அந்த இடம் தெரிவதற்காக, இடப்பக்கத்தைக் குறிக்க வைத்திருந்த 'எல்' என்ற ஈய எழுத்தை விலாங்கின் பக்கத்தில் வைத்தாள். இரண்டு படத்திலும் எழுத்து விழுந்தது.

காய்ந்த ஃபிலிமைப் பார்த்ததும் லியாவின் முகம் மலர்ந்தது. "அட, என் பேரோட முதல் எழுத்தப் போட்டிருக்கியே. மரியாத தெரிஞ்ச பொண்ணு."

ஐம்பத்திரண்டு வயதுப் பொண்ணு ஹுங்கை உள்ளே கூப்பிட்டாள்.

அவர் எண்ணினார். நூற்று ஐம்பத்து மூன்று. மத்தியானத்துக்குள் ஊராட்சித் தலைவர் யென்னுக்குச் செய்தி போனது. சாயங்காலத்துக்குள் விலாங்குக்கு யென்னின் பெயரே வைப்பதென்று முடிவானது. அறிவியலுக்கு யென் செய்த தொண்டு, பேராசிரியருக்கு ஒரு வாரம் ஸ்கூட்டர் இரவல் கொடுத்தது. தேர்தல் வேறு வந்துகொண்டிருந்தது. துறைமுகத்தில் பதாகை கட்டினார்கள். பத்தடியில் சிமெண்ட் விலாங்குக்குக் கொத்தனாரைப் பிடித்தார்கள். கருப்புச் சர்க்கரை கேக் கடைக்காரர் நீளமாக, வளைந்த வடிவில் புது கேக் போட்டார். அதைப் பார்த்தவர்கள் வேறு எதையோ நினைத்துக்கொண்டு வாங்காமல் போனார்கள்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் சூச்சின் வெளிச்சப் பெட்டியில் இரண்டு படத்தையும் பொருத்தி, குண்டூசி முனையால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். நூற்று நாற்பத்தேழு. மறுபடி எண்ணினாள். நூற்று நாற்பத்தேழேதான். எழுத்துக்குப் பக்கத்திலிருந்த ஆறு கணுக்களைப் பேராசிரியர் இரண்டு தரம் எண்ணியிருக்கிறார்.

நூடுல்ஸ் கடையில் அவரைப் பார்த்துத் தணிந்த குரலில் சொன்னாள். அவர் கிண்ணத்திலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"நீ படம் எடு. எண்ணுறத எண்ணத் தெரிஞ்சவங்க எண்ணுவாங்க."

கடையில் நாலு பேர் சிரித்தார்கள். சூச்சினுக்குக் காதுமடல் சுட்டது. இருபத்தாறு வருஷம் எத்தனையோ டாக்டர்களிடம் இதே பேச்சைக் கேட்டவள்தான். ஆனால் அவர்கள் யாரும் நூடுல்ஸ் கடையில் வைத்துச் சொன்னதில்லை.

அதே கடை மூலையில் தெங் உட்கார்ந்திருந்தார். அவரும் ஆராய்ச்சியாளர்தான், குளவிகளுக்கு. சுகாதார நிலையத்தின் பின்னால் சாமான் அறையில் மூன்று மாதமாகத் தங்கியிருந்தார். எள்ளுக்கும் சிறிதாக ஒரு குளவியைக் கண்டுபிடித்திருந்தார். கரப்பான்பூச்சியின் முட்டைக்கூட்டைத் துளைத்து உள்ளே தன் முட்டையை இடும் குளவி. நிஜமாகவே புது இனம். அதனால் யாரும் கண்டுகொள்ளவில்லை. தலைவரிடம் போய்ச் சொன்னபோது அவர், "கொட்டுமா?" என்று கேட்டாராம். கொட்டாது, கண்ணுக்கே சரியாகத் தெரியாது என்றாராம் தெங். "அப்புறம் எதுக்கு அது?" என்று அனுப்பிவிட்டார்.

மார்ச்சில் காற்று அடங்கிப் படகு ஓடியபோது, இடையில் மீன்பிடிப் படகொன்றைப் பிடித்து ஊருக்குப் போயிருந்த லியாவ் முதல் படகிலேயே வந்து இறங்கினார். வாளி இல்லை, ஜாடி இருந்தது. பதாகைக்குக் கீழே குனிந்து நடந்து நேராகச் சுகாதார நிலையத்துக்கு வந்தார். கட்டுரையைப் பத்திரிகைக்காரர்கள் திருப்பி அனுப்பியிருந்தார்கள். ஒரே எழுத்து இரண்டு படத்திலும் தெரிவது ஏன் என்று ஒரு வரி கேட்டிருந்தார்கள்.

"கோணலா வச்சு ஒண்ணு எடுத்துடலாமா?" என்றார்.

எடுத்தாள். வெளிச்சப் பெட்டிக்கு முன்னால் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். அவள் குண்டூசியை அவரிடமே நீட்டினாள். அவர் எண்ணினார். கடைசிக் கணுவில் ஊசி நின்றது: நூற்று நாற்பத்தேழு.

இந்த நிமிஷத்துக்காக மூன்று மாதமாக நாலைந்து வசனம் தயார் செய்து வைத்திருந்தாள் சூச்சின். எல்லாமே நல்ல வசனங்கள். ஆனால் அவருடைய சட்டைக் காலர் உப்புக்காற்றில் நனைந்து துவண்டு கிடந்ததைப் பார்த்ததும் எழுந்து போய் வெந்நீர் வைத்தாள். டீ ஊற்றிக் கொடுத்தாள்.

தலைவர் யென் அப்படியெல்லாம் துவளக்கூடியவர் இல்லை. விலாங்கு போனால் குளவி. அன்று மாலையே தெங்கின் சாமான் அறைக்கு வந்து, கட்டுரையை அனுப்பிவிட்டாரா, பெயர் வைத்தாகிவிட்டதா என்று விசாரித்தார். தெங் நல்ல மனுஷர், தட்டிச் சொல்லத் தெரியாது. யென் பெயரையே வைத்தார். கொத்தனார் சிமெண்ட் விலாங்குக்கு இரண்டு இறக்கை ஒட்டிக் கொடுத்தார்.

கட்டுரை அச்சாகி வந்த பிறகுதான் யாரோ அதைத் தலைவருக்கு முழுக்கப் படித்துக் காட்டினார்கள். யென் குளவி. கிடைத்த இடம்: ஊராட்சி அலுவலகச் சமையலறை, கீழ் அலமாரி, கரப்பான் முட்டைக்கூடு.

"இடத்த மட்டும் கொஞ்சம் மாத்திப் போட்டிருக்கக் கூடாதாய்யா?"

"கெடச்ச எடத்தத்தான் எழுதணும் தலைவரே. அதுதான் இதுல முக்கியம்."

எதிர்க்கட்சிக்காரர்கள் அந்த ஒரு வரியை மட்டும் துண்டறிக்கையாக அடித்து வீடு வீடாகக் கொடுத்தார்கள். தலைவர் அலமாரிக்கு மருந்தடிக்கச் சொன்னார். கரப்பானும் போனது, அதை நம்பியிருந்த குளவியும் போனது. தேர்தலில் மட்டும் யென்தான் ஜெயித்தார். எதிரே நின்றவரின் வீட்டுச் சமையலறையை ஊர் நேரில் பார்த்திருந்தது.

தெங் குளவியைத் தேடி ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினார். "உங்க வீட்ல கரப்பான் இருக்குங்களா?" என்று கேட்டால் எந்த வீட்டில் ஆமாம் என்பார்கள்? ஹுங்கின் மனைவி துடைப்பத்தை எடுத்துவிட்டாள். கடைசியில் சூச்சின்தான், "படம் கழுவுற ரூம்ல இருக்கு. டாக்டர்கிட்ட சொல்லிடாதீங்க," என்றாள். தொட்டிக்கு அடியில் தேடியதில் பதினெட்டு முட்டைக்கூடுகள் கிடைத்தன, மூன்றில் குளவி இருந்தது. தெங்கின் கண் கலங்கிவிட்டது.

மே மாதம் லியாவ் திரும்பவும் வந்தார். இந்த முறை நாலு ஜாடி. பெஞ்சில் வரிசையாக வைத்துவிட்டு, தன் முறை வரும்வரை உட்கார்ந்திருந்தார். அவருக்கு முன்னால் இரண்டு கணுக்கால், ஒரு மணிக்கட்டு.

"இதெல்லாம் நான் முன்னாடி பேரு வச்சது," என்றார் சூச்சினிடம். "இதையும் ரெண்டு ரெண்டு படமாத்தான் எடுத்தேன்."

"இதுல எத்தனை தப்பா இருக்கும்னு நெனைக்கிறீங்க?"

"தெரியல. அதான் வந்தேன். இந்தத் தடவ நீ எண்ணு."

அவள் எண்ணினாள், அவர் எழுதினார். முதல் இரண்டும் பழைய இனமாகவே போய்விட்டன. மூன்றாவது புது இனமாகவே நின்றது. நாலாவது கோணலாக வைத்தும் அடங்காத நீளம். எழுத்தை எங்கே வைப்பது என்று இருவரும் சண்டை போட்டுக்கொண்டார்கள். படகுக்கு நேரமாகியும் சண்டை முடியவில்லை.

தான் பெயர் வைத்த இரண்டு இனங்களை ரத்துசெய்து லியாவே கட்டுரை எழுதினார். அச்சுக்கு அனுப்பும் முன், எண்களைச் சரிபார்க்கச் சொல்லி அவளுக்குத் தபாலில் அனுப்பினார். மூன்றாம் பக்கத்தில் ஒரு எண் தவறாக இருந்தது. சூச்சின் அதைப் பென்சிலால் திருத்தி, உறையில் போட்டு, செவ்வாய்ப் படகில் ஊர் திரும்பிய டாக்டரிடம் கொடுத்து அனுப்பினாள். என்ன இது என்று டாக்டர் கேட்டார். நீங்க கையெழுத்துப் போடத் தேவையில்லாத காகிதம் என்றாள்.