மருதாயி போட்ட முடிச்சு

கிளியூரில் மனசு ஓடாமல் நிற்கிற ஆள்மேல் மிளகுக்கொடி ஏறிவிடும். எஸ்டேட்டில் சில்வர் ஓக் மரத்தில் ஏறுகிற அதே கொடிதான். கேட் வாட்ச்மேன் ஆறுமுகத்தின் மேல் ஒரே மழைக்காலத்தில் கழுத்து வரை ஏறியது; அடுத்த தையில் அவரிடம் பறித்த மிளகு நல்ல காரம் என்றார்கள். யோசிக்கிறவரைக் கொடி தொடாது. அதனால்தான் காப்பிப்பழம் பறிக்கிற பெண்கள் அந்தக் காலத்தில் ஒரு வரிசைக்கு அடுத்த வரிசை விடுகதை போட்டபடி பறித்தார்கள். இப்போது காதில் பாட்டு மாட்டிக்கொண்டு பறிக்கிறார்கள், ஆட்களும் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

மருதாயியின் புருஷன் மாரிசாமி விடுகதை கட்டுவதில் கெட்டிக்காரர். முழங்கால் தேய்ந்து வேலையை விட்ட பிறகு, எஸ்டேட் தொழிலாளர் லைன் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பொழுதெல்லாம் போனில் வீடியோ தள்ளிக்கொண்டிருந்தார். விரல் ஓடியது, மனசு நின்றது. ஆடி மழை பிடித்த வாரம் அவர் குதிகாலில் இரண்டு பச்சை இலைகள் தெரிந்தன.

மருதாயி கூச்சல் போடவில்லை. போனைப் பிடுங்கி அரிசிப் பானைக்குள் புதைத்தாள். அன்றிலிருந்து இடது கையால் பல் விளக்கச் சொன்னாள். ஒண்டிக்கடைக்குத் தடியூன்றிப் போனவர் போன வழியில் திரும்பக் கூடாது. வாங்க வேண்டியதை எல்லாம் மனசிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். சோற்றுத் தட்டை வைக்கும் முன் ஒரு விடுகதை.

“போலீஸ் ஸ்டேசன்ல கூட இத்தன கேள்வி கேக்கமாட்டாங்க புள்ள.”

“அங்க ரசம் ஊத்தமாட்டாங்க. பதிலச் சொல்லுங்க.”

“உங்கிட்ட மாட்டுனதுக்கு அந்தக் கொடியே தேவலாம்.”

“ஏனுங்க, அப்படிச் சொல்லாதீங்க, அதுக்குக் கேட்டுரும்” என்று அவர் வாயைப் பொத்தினாள்.

பழைய விடுகதை எடுபடவில்லை. பதில் நாக்கிலிருந்தே வந்துவிடும், மனசு அசையாது. அன்றைக்குக் கொடி ஒரு கணு ஏறிவிடும். ஆகவே எஸ்டேட்டில் சரிந்த மிளகுக்கொடிகளை மரத்தோடு தூக்கிக் கட்டுகிற தன் வேலைக்கிடையில் அவளே புதுசு புதுசாக யோசித்துக்கொண்டு வந்தாள். போகப் போக அவரும் கட்ட ஆரம்பித்தார். புரட்டாசியில் இடுப்பளவு இருந்த கொடி பிடி தளர்ந்து, வாடிய தலையைத் தொங்கப்போட்டது. அவர் பிழைத்தார் என்றே லைனில் எல்லோரும் நினைத்தார்கள்.

ஒருநாள் பகல் முழுக்க மழையில் கொடி கட்டிவிட்டு மருதாயி வந்தாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்ததும் உடம்பு கழன்றது போலிருந்தது. மனசில் ஒன்றுமே இல்லை. அவர் குஷியாக, “புதுசு புள்ள, நொம்பக் கஷ்டமானது. போறப்ப ரெண்டு, வாறப்ப ஒண்ணு...” என்று தொடங்கினார். மீதி அவள் காதில் விழவில்லை. தொங்குகிற கொடியைக் கண்டால் தூக்கிக் கட்டுவது அந்தக் கைகளுக்குப் பழக்கம். இடுப்பில் செருகியிருந்த வாழைநாரை எடுத்து, கொடியை நிமிர்த்தி, அவர் தோளோடு சேர்த்து அவை முடிச்சுப் போட்டன.

அவள் சுதாரித்துப் பார்த்தபோது கணுக்கள் அவர் தோளில் வேர் பிடித்துவிட்டன. மருதாயி போட்ட முடிச்சு அவிழாது என்று எஸ்டேட்டில் கணக்கெழுதுகிற ரைட்டரே சொல்வார். அவளாலும் அவிழ்க்க முடியவில்லை. அரிவாளை வைத்தால் அவர் முனகினார். விடியும்போது அவர் வாய் இலைக்குள் இருந்தது.

இப்போது தை பிறந்தால் ஏணியை மாரிசாமியின் தோளில் சாய்த்து மிளகு பறிக்கிறார்கள். உச்சிக்கு மருதாயிதான் ஏறுகிறாள். அந்த விடுகதையின் மீதியை அவள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாள். தோன்றியதை எல்லாம் அவர் காதிருந்த இடத்தில் சொல்லிப் பார்க்கிறாள்; இலை அசைவதில்லை. மறுபடி யோசித்தபடி இறங்குகிறாள். தரையில் ஒரு இளங்கொடி தினமும் அவள் குதிகால் வரை வந்து, தடவிப் பார்த்து, திரும்பிப் போகிறது. வாசல் பெருக்கும்போது அவள் அதன்மேல் விளக்குமாறு படாமல் ஒதுங்கிப் பெருக்குகிறாள்.