வெதநெல்லு

அக்கம்மாள் நீல டிரம்மின் மூடியைத் திறந்து, ஒரு கை விதைநெல்லை அள்ளிக்கொண்டு கட்டிலுக்கு ஓடினாள்.

“இந்தா பாருங்க, பத்திரமா இருக்கு. இதத்தான கேட்டீக?”

பெத்தன் இடது கையால் தட்டிவிட்டார். நெல் தரையெங்கும் சிதறியது. “வெதநெல்லு,” என்றார் மறுபடியும், கோணிய வாயால்.

பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்ததிலிருந்து அவருக்குப் பேச்சு போய்விட்டது. மிஞ்சியவை வயற்காட்டுச் சொற்கள் மட்டும்தான். அவற்றை வைத்தே புருசனிடம் பேசப் பழகிக்கொண்டாள் அக்கம்மாள். ‘மடை’ என்றால் தாகம். ‘உழவு’ என்றால் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். பார்க்க வந்தவர்கள் எழுந்திருக்காமல் பேசிக்கொண்டே இருந்தால் ‘களை, களை’ என்பார். இந்த நிலையிலும் வயல் நினைப்பு போகவில்லையே என்று வந்தவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் போய்விடுவாள்.

இந்த ஒரு சொல்தான் பிடிபடவில்லை. வாரம் முழுக்க இதையே கேட்டுக்கொண்டிருந்தார். அவளும் நெல்லை அள்ளி அள்ளிக் காட்டினாள்.

திருப்பூரிலிருந்து மகன் வீரபாண்டியன் போன் பண்ணும்போதெல்லாம், “அப்பா நல்லா இருக்காக, நீ வேலயப் பாரு,” என்றே சொல்லிவந்தாள். அவன் போன வேலைகளில் இது ஒன்றாவது நிலைக்கட்டும் என்பது அவள் எண்ணம். இன்று விடியலில் மூச்சு இழுக்கத் தொடங்கியதும், பக்கத்து வீட்டுக் குழந்தைவேலுதான் அவளைக் கேட்காமல் அவனுக்குத் தகவல் சொன்னார்.

மத்தியானம் வீரபாண்டியன் வந்தான். தோள்பையைக்கூட இறக்காமல் கட்டிலருகே மண்டியிட்டான். பெத்தனின் இடது கை தடவித் தடவி அவன் மணிக்கட்டைப் பற்றியது.

“வெதநெல்லு,” என்றார். முகம் தளர்ந்தது. அப்புறம் கேட்கவே இல்லை.

அக்கம்மாள் தண்ணீர் டம்ளரோடு நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள்.

பொழுது சாயும் முன் மூச்சு அடங்கியது.

மறுநாள் காலை, காளையார்கோவிலிலிருந்து வந்த உறவுக்காரப் பெண்கள் அழுது ஓய்ந்த நேரத்தில், வீரபாண்டியன் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“அப்பா எதுக்கும்மா நெல்லு நெல்லுன்னாரு?”

“நெல்ல இல்லய்யா. ஒன்னையத்தான் சொன்னாக.”

அவன் நிமிர்ந்து பார்த்தான். “எத்தன நாளாக் கேட்டாரு?”

அக்கம்மாள் பெத்தனின் தாடைக்கட்டைச் சரிசெய்தாள். சரியாகத்தான் இருந்தது.

“நேத்துத்தான்,” என்றாள்.

எதிரே நின்ற குழந்தைவேலு தலையைக் குனிந்துகொண்டார். வாசலில் சங்கு ஊதியது.

“அப்பாவக் குளிப்பாட்ட நீர்மாலை எடுக்கப் போகணும். சட்டையக் கழட்டிட்டு வாப்பா,” என்றார் குழந்தைவேலு.

வீரபாண்டியன் எழுந்து நின்றான். முதல் பொத்தானையே திருகிக்கொண்டு நின்றான். அக்கம்மாள் எழுந்து அவன் கையை விலக்கிவிட்டு, கழுத்திலிருந்து கீழாக ஒவ்வொன்றாகக் கழற்றினாள். கடைசிப் பொத்தான் நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பிய்த்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.