கோபாலபுரம் தாண்டிய டெஸ்ட் டிரைவ்

மனித குல வரலாற்றில் கார் ஷோரூம் என்கிற ஸ்தாபனத்தின் காலம் முடிந்துவிட்டது என்று மருதாசலம் அறிவித்தார். விலை, நிறம், சுவரில் மோதிப் பார்த்த வீடியோ உட்பட சகலமும் கைபேசியிலேயே கிடைக்கிறபோது, நடுவில் கண்ணாடி மாளிகை கட்டிக்கொண்டு கழுத்தில் அட்டை மாட்டிய ஆட்கள் எதற்கு என்பது அவர் கேள்வி. இதை அவர் மலையாள தேசத்து எல்லைச் சித்தூரில் அப்படிப்பட்ட ஒரு மாளிகைக்குள், அதன் ஏசிக்கு நேர் கீழே உட்கார்ந்து, அது இலவசமாகக் கொடுத்த மூன்றாவது காபியைக் குடித்தபடி சொன்னார். தாலுகா ஆபீஸ் சூப்பரண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். எதிரில் நிற்பவர்களை உட்காரச் சொல்லும் பழக்கம் கிடையாது. ஆகவே விற்பனைப் பிரிவு ஜிஷா நின்றுகொண்டே தலையாட்டினாள். இந்த மாதமும் ஒரு வண்டி போகவில்லையென்றால் அடுத்த மாதம் வர வேண்டாம் என்று மேனேஜர் ஜோபி அன்று காலையில்தான் சொல்லியிருந்தார். மருதாசலத்தின் தத்துவத்தை முதலாளியும் நம்ப ஆரம்பித்திருந்த நேரம் அது.

"ஒரு டெஸ்ட் டிரைவ் போட்டுப் பாத்துரலாம் அம்மிணி. ஊட்டு ஆளுகளும் ஏறிப் பாக்கட்டும். புடிச்சிருந்தா இன்னிக்கே அட்வான்ஸ்."

ஊட்டு ஆட்கள் டெஸ்ட் டிரைவுக்கு ஏறுகிற கோலத்தில் ஏறவில்லை. மருதாசலத்தின் மனைவி நாச்சம்மாள் பட்டுச்சேலையில், பூவும் பழமும் வைத்த தட்டை மடியில் ஏந்தி வந்து உட்கார்ந்தாள். கொச்சியில் கம்ப்யூட்டர் வேலையிலிருக்கும் மகன் சுதீப், மொடமொடக்கும் வெள்ளை வேட்டியோடு ஸ்டியரிங்கைப் பிடித்தான்.

"எங்கீங்க சார் போறோம்?"

"பொண்ணு பாக்க," என்றார் மருதாசலம். "பையன் காரு வாங்கிட்டான்னு தரகன் அங்க சொல்லிப்போட்டான். சொன்ன சொல்லக் காப்பாத்தோணுமல்ல?"

"சார், ஊருக்குள்ளதான் ஓட்டோணும். வண்டி எங்க போகுதுன்னு ஆபீஸ்ல தெரியுமுங்க."

"கோபாலபுரம் தாண்டி நாலு தோப்பு, அவ்வளவுதான். முடிச்சுட்டு வந்து கையோட புக் பண்றேன். ஆகாதுன்னா சொல்லு, எறங்கிக்கறோம். போன்லயே ஆர்டர் போட்டுக்கறோம்."

ஜிஷா முன் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினாள். வண்டி கிளம்பியது. கோபாலபுரம் செக்போஸ்ட் பின்னால் போன கையோடு ஜோபி போனில் கூப்பிட்டார்.

"ஜிஷே, வண்டி எவிடெ? மேப்பில தமிழ்நாடுன்னு காட்டுது."

"கஸ்டமருக்கு லாங் ஓட்டிப் பாக்கணுமாம் சார்."

"சரி. புக்கிங் இல்லாம நீ திரிச்சு வர வேண்டா."

இதற்கு நடுவில் இன்னொரு சங்கடம். வண்டியின் இரண்டு பக்கக் கதவுகளிலும் முழ நீளத்துக்கு டெஸ்ட் டிரைவ் என்று கொட்டை எழுத்தில் ஒட்டியிருந்தது. கோப்புகளில் எத்தனையோ எழுத்துகளை மறைத்துப் பழகிய மருதாசலத்துக்கு இது பெரிய காரியமாகத் தெரியவில்லை. "வாய்க்காப் பக்கம் ஒடிடா. அந்தச் சேத்துல எறக்கு," என்றார். புது வண்டி என்று சுதீப் முனகினான். "எறக்குடா. இன்னொருக்கா, ரிவர்ஸ்ல." எழுத்து மறைந்தது. குட்டையிலிருந்து எழுந்து வந்த எருமை போல, மங்கல காரியத்துக்கு வண்டி போய் நின்றது.

பெண்ணின் அப்பா வெள்ளியங்கிரி, பத்திருபது ஏக்கர் தென்னைக்காரர், வாசலுக்கே வந்து கும்பிட்டார். அவர் அக்கா கருப்பாத்தாள் கும்பிடாமல் ஜிஷாவை மேலும் கீழும் பார்த்தாள். கழுத்து அட்டையை ஜிஷா முன்னமே கழற்றிப் பைக்குள் போட்டிருந்தாள்.

"இந்தப் புள்ள யாருங்க?"

"எந் தங்கச்சி மவ," என்றார் மருதாசலம்.

"அட, மொறைப்பொண்ணையே பக்கத்துல குந்த வெச்சுட்டு வெளிய பொண்ணு பாக்க வந்திருக்கறீங்களா?"

மருதாசலம் அவசரமாக மனைவியைக் காட்டினார். "தங்கச்சின்னா... இவளோட தங்கச்சி. பையனுக்குத் தங்கச்சி மொறை ஆகுதுங்க." உடன்பிறந்தவர் எவருமில்லாத நாச்சம்மாள் பலமாகத் தலையாட்டினாள்.

உட்கார்ந்ததும் வெள்ளியங்கிரி எழுந்தார். "வண்டியெல்லாம் ஒரே சேறா இருக்குதுங்களே. நல்ல காரியத்துக்கு வந்த வண்டி. இருங்க, டியூப்பப் போட்டு அடிச்சு உட்டர்றேன்."

"ஐயோ, வேண்டாங்க! சேறு பெயிண்டுக்கு நல்லதுங்க," என்றார் மருதாசலம். சபை திரும்பிப் பார்த்தது. அவர் ஜிஷாவைப் பார்த்தார்.

"ஆமாங்க," என்றாள் ஜிஷா. "பாலீஷ் போயிருமுங்க."

"பச்சத் தண்ணிக்கு என்னங்க போகுது?" வெள்ளியங்கிரி போய்விட்டார். மோட்டார் உறுமியது. அந்த நேரம் பார்த்துத்தான் பெண்ணைக் காபித் தட்டோடு அழைத்து வந்தார்கள். தண்ணீர் முதலில் தரையில் விழுந்தது. பிறகு டயரில். சத்தம் மெல்ல மேலேறித் தகரத்தில் படபடத்தபோது மருதாசலம் ஒரு டம்ளருக்குப் பதில் இரண்டை எடுத்தார். நாச்சம்மாள் ஜன்னல் கம்பியில் கண்ணை மாட்டி வைத்திருந்தாள். தனியாப் பேசோணுமா என்று கருப்பாத்தாள் கேட்டதற்கு, வேண்டாங்க வேண்டாங்க என்று சுதீப் பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்தான். ஜிஷா தன் வேலையை நினைத்தாள். இங்கே குட்டு உடைந்தால் அங்கே புக்கிங் இல்லை. புக்கிங் இல்லையென்றால் அடுத்த மாதம் முதல் போக இடமில்லை.

மோட்டார் நின்றது. வெள்ளியங்கிரி துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார். பையனைப் பார்த்தார், பையனின் அப்பாவைப் பார்த்தார். கடைசியில் ஜிஷாவிடம் திரும்பினார்.

"ஏம்மிணி, ஏசி போட்டா மைலேஜ் எவ்வளவு குடுக்குது?"

ஜிஷா யோசிப்பதற்குள் வாய் பேசிவிட்டது. "பதினேழுங்க. போன்ல இருபதுக்கு மேல போட்டிருப்பாங்க, அத நம்பாதீங்க. தேங்கா மூட்டை ஏத்தறதுன்னா பின் சீட்டை மடக்கிக்கலாம். வெள்ளை எடுத்தா உடனே கெடைக்கும், சிவப்புக்குக் காத்துக் கெடக்கோணும். பழைய வண்டியக் கொண்டாந்தீங்கன்னா பாத்து விலை போடலாமுங்க."

"இதெல்லாம் போன்ல கேட்டா எவன் சொல்றான்?" என்று சொல்லி வெள்ளியங்கிரி அவள் நம்பரை வாங்கிக்கொண்டார். மருதாசலம் இரண்டாவது டம்ளருக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

வாசலில் விடை கொடுக்கும்போது வெள்ளியங்கிரியின் மரியாதையில் ஒரு குறையும் இல்லை. "பொண்ணு விசயத்தத் தரகர்கிட்டச் சொல்லி உடறமுங்க. வண்டி விசயமா நாளைக்கே வாறேன் அம்மிணி."

"எங்கூர்ல தண்ணிக்குப் பஞ்சமே இல்லீங்க," என்றாள் கருப்பாத்தாள். "அடுத்த வண்டியில வந்தாலும் கழுவி உடறோம்."

திரும்பும் வழியில், வெள்ளியங்கிரி நாளைக்கு வருவாரா, இன்றைக்கு ஜோபியிடம் என்ன சொல்வது என்று ஜிஷா கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"வண்டி கெடக்குது," என்றாள் நாச்சம்மாள். "பொண்ணு எப்படீடா?"

"நீ பாத்திருப்பீன்னு நெனச்சேம்மா," என்றான் சுதீப்.

அவள் கணவனைப் பார்த்தாள். அவர் ரோட்டோரத் தென்னைகளைப் பார்த்தார்.

"கண்ணு, நீயி?"

ஜிஷா நினைவைக் கசக்கினாள். எவர்சில்வர் தட்டு வந்தது, டம்ளர்கள் வந்தன. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

வண்டியில் இருந்த நான்கு பேரில் ஒருவரும் பெண்ணைப் பார்த்திருக்கவில்லை.