மெழுகு வாசனை

செத்துப்போனவனோடு போட்டி போடுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அவன் அதற்குப் பிறகு ஒரு தப்பும் பண்ணமாட்டான். லைல் ஹோக்ஸ்ட்ரா இது தெரியாமல் வெர்னோடு போட்டிக்கு இறங்கி, தோற்றுக்கொண்டே இருந்தான்.

வெர்ன் அவர்கள் இருவரும் இருந்த பாட்டு பாண்டில் கிதார் வாசித்தவன். லைல் அவன் பக்கத்தில் நின்று, அடிச்சுரம் போடும் பேஸ் கிதார் வாசித்தவன். ஒரு ஜனவரி காலையில் வாசல் பனியை வாரிக்கொண்டிருந்த வெர்ன் அப்படியே சாய்ந்து போய்விட்டான். அடுத்த வருடம் போய் அதற்கடுத்த வருடம் லைல் அவன் மனைவி மார்லீனைக் கட்டிக்கொண்டு அந்த வீட்டுக்கே குடிவந்தான். வீட்டோடு கிதாரும் வந்தது. கிதாரோடு பாண்டில் வெர்னின் இடமும் வந்தது. பேஸ் வாசிக்க வேறு யாரையோ பிடித்தார்கள்.

கலமசூ ஊரில் வெள்ளிக்கிழமை மீன் வறுவல் போடும் மண்டபத்தில்தான் அவர்கள் வாசிப்பது. அன்றைக்கு வாசித்து இறங்கியதும் டிரம்மர் கஸ் பீர் நுரையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்:

"டேய் லைல், வெர்ன் செத்து மூணு வருஷம் ஆச்சு. இன்னைக்கும் உன்னைவிட அவன்தான்டா நல்லா வாசிக்கிறான்."

மேஜையே சிரித்தது. லைலும் சிரித்து வைத்தான். மார்லீன் மட்டும் சிரிக்காமல் மீன்மேல் எலுமிச்சையைப் பிழிந்துகொண்டிருந்தாள். லைல் அதைப் பார்த்தான். பாவம், இவளும் வெர்னின் டோனை, அந்த கிதார் நாதத்தைத்தான் தேடுகிறாள், வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை என்று முடிவுகட்டினான். தப்பாகப் புரிந்துகொள்வதில் ஆண்களுக்கு இருக்கிற கெட்டிக்காரத்தனம் வேறு எதிலும் இல்லை.

அன்றிலிருந்து அவனுக்குக் காந்தப் பைத்தியம் பிடித்தது. கிதார் கம்பிகளுக்கு அடியில் ஒலியைப் பிடிக்கிற பிக்கப்புக்குள், கம்பிச்சுருள்களுக்குக் கீழே, சூயிங் கம் பட்டை அளவுக்கு ஒரு காந்தம் படுத்திருக்கும். அதை மாற்றினால் குரலே மாறும். வலுவான காந்தம் போட்டால் சத்தம் காதைக் கிழிக்கும். மென்மையானதைப் போட்டால் உருண்டு திரண்டு வரும். லைல் ஒன்றைப் போட்டான், பிடிக்கவில்லை. இன்னொன்றைப் போட்டான், அதுவும் பிடிக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் பிக்கப்பின் உலோக மூடியைக் கழற்ற சால்டரிங் அயர்னை வைத்தான். உள்ளே கம்பிச்சுருள் ஆடாமல் இருக்க ஊற்றியிருந்த மெழுகு அந்தச் சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாக உருகி வெளியே வந்தது. அதை அவன் துணியால் துடைத்துப் போட்டானே தவிர, பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

குளிரில் மரம் வெடித்துவிடும் என்று கிதாரைத் துணி துவைக்கும் அறையில் மாட்டியிருந்தான். சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப் கராஜில் இருந்தது. நடுவே சுவரில் வெர்ன் போட்டுவைத்த ஓட்டை வழியாக ஒயர் போயிற்று. இங்கே கொஞ்சம் வாசிப்பான், கராஜுக்குப் போய் ஆம்பின் திருகைத் திருப்புவான், திரும்பி வருவான். ஞாயிற்றுக்கிழமைகள் இப்படியே போயின.

அப்படி ஒரு ஞாயிறு மத்தியானம். மென்மையான காந்தத்தைப் போட்டு முடித்து, கிதாரை ஆணியில் மாட்டிவிட்டுக் கராஜுக்கு வந்து திருகைத் தொட்டான். ஆம்புக்குள்ளிருந்து யாரோ பேசினார்கள்.

"வெர்ன்..."

தகர டப்பாவுக்குள் உட்கார்ந்து பேசுவது மாதிரி ஒரு குரல். லைலுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சுவரில் வெர்னின் பனி வாரும் மண்வெட்டி சாய்ந்திருந்தது. அதைப் பார்க்கவே பயமாக இருந்தது.

"வெர்ன், அவன் உன் சட்டையக்கூட எடுத்துப் போட ஆரம்பிச்சுட்டான். உன்ன மாதிரியே தொண்டையச் செருமுறான். இந்த வீட்டுல எனக்கு ரெண்டு புருஷன் இருக்கீங்க. பேசறதுக்கு ஒருத்தன் இல்ல."

துணி காயவைக்கும் டிரையரின் கதவு டப்பென்று மூடிய சத்தமும் ஆம்பில் கேட்டது. அப்போதுதான் உறைத்தது. மார்லீன் துணி எடுக்க வந்திருக்கிறாள். மெழுகு போன பிக்கப்பில் கம்பிச்சுருள் தளர்ந்து ஆடுகிறது. அதனால் கிதார் தந்திகளை மட்டும் கேட்காமல் அறையில் நடக்கிற எல்லாவற்றையும் கேட்கிறது.

மரியாதையான மனுஷன் அத்தோடு ஆம்பை அணைத்திருப்பான். லைல் அணைக்கவில்லை. அடுத்த தடவை அவள் துணிக்கூடையைத் தூக்கியதுமே இவன் கராஜுக்கு நழுவினான். பிறகு அதுவே வழக்கமாயிற்று. குளிரில் விரல் மரத்துப்போக, சொந்தப் பெண்டாட்டியை ஒட்டுக்கேட்டுக்கொண்டு நின்றான். அந்த வீட்டில் பேய் என்று ஒன்று இருந்தால் அது அப்போது லைல்தான்.

அவள் அதிகம் பேசவில்லை. துணி மடிக்கிற நேரத்துக்கு நாலு வார்த்தை. "பேஸ் வாசிச்ச லைல் எங்க போனான்னு தெரியல, வெர்ன். வாசிச்சு முடிஞ்சதும் நான் மண்டபத்துக்குக் கொண்டுபோன தட்டெல்லாம் வாங்கிட்டு வந்து கார்ல வைப்பான். இன்னைக்கு எப்படிப் போச்சு மார்லீன்னு கேப்பான். அவனைத்தானே நான் கட்டிக்கிட்டேன்." லைலுக்கு அழுகை வந்தது. இருந்தும் உள்ளே போய் ஒரு வார்த்தை கேட்க வாய் வரவில்லை. கேட்டால் எப்படித் தெரியும் என்பாளே.

பிப்ரவரியில் ஒரு நாள் ஆம்ப் சொன்னது: "டூலூத்துக்கு வந்துடுன்னு அக்கா கூப்பிடறா. போயிடலாமான்னு இருக்கு."

அன்று சாப்பாட்டு மேஜையில் அவள் உருளைக்கிழங்கை நகர்த்தி வைத்தபோது லைல் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இதற்குமேல் கேட்கத் தாங்காது என்று பட்டது. கேட்காமலிருக்க அவனுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். மறுநாள் மெழுகு வாங்கி வந்தான். கராஜில் மின்சார அடுப்பை வைத்து, தண்ணீர்ச் சட்டிக்குள் சின்னச் சட்டியை இறக்கி, மெழுகை உருக்கினான். பிக்கப்பை இதில் முக்கி எடுத்தால் கம்பி இறுகிவிடும், கிதார் செவிடாகிவிடும். எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நினைத்தான். ஆனாலும் கடைசியாக ஒரு தடவை கேட்டுவிடலாம் என்ற சபலத்தில் ஆம்பையும் போட்டுவைத்தான்.

மெழுகு உருகிக் கண்ணாடி மாதிரி தெளிந்தபோது, ஆம்பில் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. கூடையை வைத்தாள்.

"மெழுகு வாசனை வருது, லைல்."

லைல் சுவர் ஓட்டையைப் பார்த்தான். வாசனை அது வழியாகத்தான் போயிருந்தது.

"நீ அங்க நிக்கிறது எனக்குத் தெரியும். வெர்னும் அங்கதான் நின்னான். அவனும் இந்தக் காந்தத்த மாத்தி மாத்திப் பாத்தான், மெழுகு போச்சு, கிதார் கேக்க ஆரம்பிச்சுது. எனக்குத் தெரிஞ்சதும் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா. மூஞ்சிக்கு நேரா கேக்காத மனுஷன் இப்படியாவது கேக்கறானேன்னு. எல்லாத்தையும் சொன்னேன். ஒரு நாள், போயிடலாமான்னு இருக்குன்னும் சொன்னேன்."

டிரையருக்குள் ஏதோ பொத்தான் கடைசியாக ஒரு தடவை உருண்டு நின்றது.

"மறுநாள் மெழுகு வாசனை வந்துச்சு. அதோட சரி. ஒரு வார்த்தை கேக்கல அவன். அதுக்கப்புறம்தான் கிதார் அந்த மாதிரி பாடிச்சு. ஊரே வெர்ன் டோன், வெர்ன் டோன்னு கொண்டாடிச்சு. எனக்கு அத கேக்கும்போதெல்லாம் இந்த வாசனதான் வரும்."

லைல் சட்டியைப் பார்த்தான். மண்டபத்தில் அவள் எலுமிச்சை பிழிந்துகொண்டிருந்த முகம் ஞாபகத்துக்கு வந்தது. அந்த டோனுக்காக அவன் எத்தனை ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவழித்தான்! வெர்ன் நின்ற அதே இடத்தில், வெர்னின் சட்டையைப் போட்டுக்கொண்டு, அதே சட்டியைக் காய்ச்சிக்கொண்டு நிற்கிறோம் என்று அவனுக்குப் புரிந்தது. இத்தனை நாளில் வெர்னை இவ்வளவு கிட்டத்தில் எட்டியது இன்றைக்குத்தான்.

அடுப்பை அணைத்தான். சட்டையைக் கழற்றி மண்வெட்டியின் கைப்பிடியில் மாட்டினான். பனியனோடு கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனான். ஆம்பை அணைக்க மறந்துவிட்டான்.

ஆளில்லாத கராஜில் ஆம்ப் பேசிக்கொண்டிருந்தது.

"இன்னைக்கு எப்படிப் போச்சு, மார்லீன்?"

"என்னத்த சொல்ல? எல்லாத்தையும்தான் ஒட்டுக்கேட்டுட்டியே."

"உன் மூஞ்சியப் பாத்துக் கேக்கல."

பிறகு அவள் சொல்ல ஆரம்பித்தாள். கராஜில் மெழுகு மேலே ஆடை கட்டிக்கொண்டிருந்தது, வெர்னின் சட்டை மண்வெட்டியில் தொங்கிக்கொண்டிருந்தது. கேட்க வேண்டும் என்றிருந்தால் வெர்னும் கேட்டிருக்கலாம்.