நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு

"மொறத்தைக் கீழ வெய்யி, கண்ணாயி."

பெரியசாமி சத்தம் போடவில்லை. அதனாலேயே வாசலில் எல்லோரும் நின்றுவிட்டார்கள். வாழவந்தி கிராமத்தில் அன்று அவர் வீட்டுச் சாமை விதைப்பு. முதல் விதையைச் சுமங்கலிதான் எடுத்துத் தர வேண்டும் என்பது அந்த வீட்டு வழக்கம். கண்ணாயி, அவருடைய இறந்துபோன தம்பியின் மனைவி. வருஷம் முழுக்க அந்த விதையைச் சாம்பலில் புரட்டி, பூச்சி பார்த்து, காயவைத்தவள் அவள்தான்.

"அக்காளுக்கு இடுப்புப் புடிச்சிக்கிச்சுங்க, மாமா. அதான் எடுத்தேன்."

"வழக்கம்னா வழக்கந்தான்."

முறம் அவள் கையிலேயே இருந்தது.

அந்த நேரம் பார்த்து பல்கலைக்கழக ஆய்வு மாணவர்கள் வெண்ணிலாவும் கோகுலும் விதை முளைக்கவைத்த தட்டுகளோடு வந்தார்கள். அவள் தாவரவியல், விதையை எண்ணுவாள். அவன் நாட்டார் வழக்காறு. விதைக்கிறவர்களின் பேச்சை எழுதுவான். எது உண்மையான ஆராய்ச்சி என்று தினம் ஒரு சண்டை.

"ஐயா, அஞ்சு ஊட்டு விதையில உங்க விதைதாங்க மொதல். நூத்துக்குத் தொண்ணூத்தி நாலு மொளச்சிருக்குது!" வெண்ணிலா ஒரு தட்டை நீட்டினாள்.

பெரியசாமியின் முகம் மலர்ந்தது. "பின்னே? எங்கூட்டுச் சுமங்கலி கைராசி, கண்ணு! எழுதிக்க."

"தட்டுல விதை வெச்ச கை யாருதுங்க?" என்று கேட்டான் கோகுல்.

எட்டு நாள் முன்பு, கடுகளவே உள்ள விதையை வரிசையாக வைக்க மாணவர்களுக்கு விரல் நிற்கவில்லை. ஐந்து தட்டிலும் ஈரக் காகிதத்தின் மேல் நூறு நூறாக ஐநூறு விதையை ஒவ்வொன்றாக வைத்தது கண்ணாயி. "காயிதத்து மேலதானே? காட்டுலயா வெக்கறா, வெக்கட்டும்" என்று சொன்னது பெரியசாமி.

உள்ளே கட்டிலில் படுத்திருந்த அவர் மனைவி முத்தாயிதான் முதலில் சிரித்தாள். "சுமங்கலி இங்க தைலம் தேச்சிக்கிட்டுக் கெடக்கறேனுங்க. வெயிலேறுது, நீ நட கண்ணாயி!"

கண்ணாயி யாரையும் கேட்கவில்லை. முறத்தோடு உழுத காட்டுக்குள் இறங்கினாள். ஏர்க்காரர் கையை நீட்டி, முதல் விதையை அவளிடம் வாங்கிக்கொண்டார்.

பெரியசாமி தொண்டையைச் செருமினார். "கோகுலு சாமி, எங்கூட்டுல ஆரு வேணாலும் விதை எடுத்துத் தரலாம். எப்பவுமே அப்பிடித்தான். எழுதிக்க."

கோகுல் பணிவாக எழுதிக்கொண்டான்: "எப்போதும். இன்று காலை ஒன்பதே காலிலிருந்து."