தாழ்ந்த காரும் மூன்றடுக்கு கேக்கும்

போர்ட் பிளேயரின் டாலிகஞ்சில் ஒரு வாடிக்கையாளர் வீட்டு வாசலில் நின்று டப்பாவின் மூடியைத் திறந்த சந்திரமதி, திறந்த வேகத்திலேயே மூடினாள். பிறந்தநாள் கேக்கின் மேல் அவள் க்ரீமில் செய்து நிறுத்தியிருந்த யானை, துதிக்கை இல்லாமல் ஓரமாகப் படுத்திருந்தது.

"என்னாச்சு?" என்று காருக்குள் இருந்தபடியே கேட்டான் அவள் கணவன் கோகுல்.

"யானை செத்துப்போச்சு."

வீடு இருக்கும் மின்னி பேயிலிருந்து வழியெல்லாம் மெதுவாகத்தானே வந்தேன் என்றான் அவன். அது உண்மை. அவனைத் தாண்டி ஒரு சைக்கிள்கூடப் போனது. பிறகு, ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, வளைவில் வண்டி துளிகூடச் சாயவில்லை, கவனித்தாயா என்று கேட்டான். சந்திரமதி கவனித்திருந்தாள். வண்டி சாயவில்லை. வண்டிக்குள் இருந்த எல்லாமும்தான் குதித்தன.

கைப்பையிலிருந்து சின்னக் கத்தியை எடுத்து, காரின் பின்னால் மறைந்து நின்று, செத்த யானையை ஒரு குன்றாக மாற்றினாள். குன்றின் மேல் இரண்டு பூக்களை வைத்தாள். வீட்டுக்காரம்மா பார்த்துவிட்டு, "பரவால்ல" என்றார். இனி உன்னிடம் வாங்க மாட்டேன் என்பதற்கு அவர் தேர்ந்தெடுத்த சொல் அது. உள்ளேயிருந்து ஒரு குழந்தை யானை எங்கே என்று கேட்டது காதில் விழுவதற்குள் சந்திரமதி காரில் ஏறிக்கொண்டாள்.

இதெல்லாம் எதற்காக என்று கேட்டால், சென்னைக்கு வெளியே ஒரு பந்தயத் தடம் இருக்கிறது. சொந்தக் கார் வைத்திருப்பவர்கள் பணம் கட்டிவிட்டு அங்கே ஒரு நாள் முழுக்க ஓட்டிப் பார்க்கலாம். பரிசு கிடையாது. ஜெயிக்கவும் யாருமில்லை, தோற்கவும் யாருமில்லை. போன வருடம் ஊருக்குப் போனபோது ஒரு நண்பனின் காரில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து இரண்டு சுற்று வந்த கோகுல், போர்ட் பிளேயருக்குத் திரும்பியபோது வேறு மனிதனாகத் திரும்பினான். அரசு அலுவலகத்தில் பொறியாளர் வேலை பார்க்கிறவன். சாலையில் மாடு குறுக்கே வந்தால் அதற்கு ஹாரன் அடிக்கவும் யோசிக்கிறவன். அவனுக்கு இப்போது வளைவுகளைத் தவிர வேறு பேச்சே இல்லாமல் போயிற்று.

தீவில் பந்தயத் தடம் இல்லை. ஆனாலும் காரை இங்கேயே தயார் செய்து, கப்பலில் ஏற்றி அனுப்பி, தானும் போய், அந்த ஒரு நாள் ஓட்டிவிட்டு, மறுபடி கப்பலில் ஏற்றிக் கொண்டுவருவது என்று முடிவு செய்தான். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடல் தாண்டி ஒரு காரை அனுப்புவது, தடத்தில் வட்டமாகச் சுற்றி புறப்பட்ட இடத்துக்கே வந்து சேருவதற்கு! இதைச் சந்திரமதி ஒருமுறை அவனிடம் சொன்னாள். அவன் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டான்.

மெயின்லேண்டிலிருந்து புது ஸ்பிரிங்குகளும் ஷாக் அப்சார்பர்களும் வந்தன. அவை முதல் வாரம் சாப்பாட்டு மேஜையில் இருந்தன. பிறகு டாலிகஞ்சில் ஒர்க்ஷாப் வைத்திருக்கும் அவன் நண்பன் உதயசூரியனின் கையால் காருக்கு அடியில் போயின. ஷாக் அப்சார்பரின் உடம்பில் மரை வெட்டியிருக்கும். அதில் ஒரு வளையம். அந்த வளையத்தைத் திருகினால் கார் ஏறும், இறங்கும். கோகுல் இறக்கினான். மறுநாள் இன்னும் கொஞ்சம் இறக்கினான். தாழ்ந்த கார்தான் தரையைப் பிடித்துக்கொண்டு ஓடுமாம். சக்கரங்களின் தலைப்பக்கத்தை வேறு உள்பக்கமாகச் சாய்த்து வைத்தான். அடுத்த வீட்டு மரகதம், "ஏம்மா, வண்டிக்குக் கால் வளைஞ்சிருக்கே, எங்கயாச்சும் விழுந்துட்டுதா?" என்று அக்கறையாக விசாரித்தார்.

சக்கரங்களின் திசையைச் சரிபார்க்க காரைச் சுற்றி நாலு பக்கமும் நைலான் கயிறு கட்டி அளப்பது இன்னொரு கூத்து. முதல் தடவை கட்டியிருந்தபோது, இது எதற்கென்று தெரியாமல் சந்திரமதி அதில் இரண்டு துண்டுகளைக் காயப்போட்டுவிட்டாள். அன்று முழுக்க அவன் அவளிடம் பேசவில்லை.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். வேகத்தடைகளைத்தான் பொறுக்க முடியவில்லை. காரில் இரண்டு பேர் இருந்தால் அதன் அடிவயிறு தரையில் இடிக்கும். ஆகவே ஒவ்வொரு வேகத்தடைக்கு முன்னாலும் கோகுல் காரை நிறுத்தி, குரலைத் தாழ்த்தி, "கொஞ்சம் இறங்கிக்கிறியா?" என்பான். அவள் இறங்குவாள். கார் கோணலாகத் திரும்பி, ஒரு சக்கரம் ஒரு சக்கரமாக ஏறி இறங்கும். அவள் பின்னாலேயே நடந்து போய் ஏறிக்கொள்வாள். பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, கையில் பரிசுப் பொட்டலத்தோடு அவள் அப்படி நடப்பதை மின்னி பேயில் பார்க்காதவர்கள் குறைவு.

சினேகிதி நஜ்மா வீட்டு ஆர்டர் வந்தது இந்த நிலையில்தான்.

நஜ்மாவின் நாத்தனார் சம்சாத்துக்குக் கல்யாணம். விருந்து கடலுக்கு அந்தப் பக்கம், ஃபெர்ரியில் போய் பாம்பூஃப்ளாட்டில் இறங்கி இன்னும் கொஞ்ச தூரம் போனால் வரும் மண்டபத்தில், பகலில். நஜ்மாவின் மாமனார் அலி அக்பர் ஜவுளி வியாபாரி. தீவில் பாதிக் கல்யாணங்களுக்குத் துணி அவர் கடையில்தான் எடுப்பார்கள். ஒரு பெரிய ஹோட்டலில் கேக் சொல்லிவிடலாம் என்றுதான் அவர் நினைத்திருந்தார். நஜ்மாதான், தன் சினேகிதி வீட்டில் செய்கிறாள், அவள் கைக்கு இணை கிடையாது என்று அடித்துப் பேசி ஆர்டரை வாங்கிக் கொடுத்தாள்.

"மாமா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க" என்றாள் நஜ்மா போனில். "நல்லாருக்கும், சரி. முழுசா வந்து சேருமான்னு கேட்டாங்க. யானை கதை அவங்க காதுக்கும் போயிருக்கு சந்திரா. நான் என் தலையை வச்சு சேரும்னு சொல்லியிருக்கேன்."

மூன்றடுக்கு கேக். ரோஜாப்பூக்கள் மட்டுமே இரண்டு நாள் வேலை. இது ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் அவள் பெயர் பேசப்படும். சேராவிட்டாலும் பேசப்படும். சந்திரமதி யோசித்து, கணவனின் காரை நம்பாமல், ஒரு ஏசி டாக்ஸிக்குச் சொல்லிவைத்தாள்.

கல்யாணத்தன்று காலையில் டாக்ஸிக்காரர் போன் செய்தார். மெயின்லேண்டிலிருந்து யாரோ பெரிய அதிகாரி பரிவாரத்தோடு வந்திறங்கியிருக்கிறாராம், வண்டிகளையெல்லாம் எடுத்துக்கொண்டார்களாம். மாஃப் கர்னா, மன்னிச்சுக்குங்க மேடம்.

கோகுல் அப்போது காரைத் துடைத்துக்கொண்டிருந்தான். இரண்டு நாளில் கார் கப்பலேற வேண்டும். அளவுகளெல்லாம் அப்போதுதான் முடிவாகியிருந்தன. அவள் வந்து நின்ற விதத்திலேயே விஷயம் புரிந்து, ஷாக் அப்சார்பரின் தலையில் உள்ள திருகை எவ்வளவு தளர்த்த முடியுமோ அவ்வளவு தளர்த்தினான். குலுக்கல் பாதியாகக் குறையும் என்றான். உயரத்தையும் கொஞ்சம் ஏற்றக் கூடாதா என்று கேட்டாள். அதை மட்டும் கேட்காதே என்றான். வளையத்தைத் தொட்டால் கயிறு கட்டி அளந்தது, சக்கரத்தைச் சாய்த்தது, எல்லாம் கலைந்துவிடும். மறுபடி செய்ய நாள் இல்லை.

மூன்று அடுக்குகளும் ஐஸ் பைகளோடு மூன்று தெர்மாகோல் பெட்டிகளில் ஏறின. ஏசி முழு வேகத்தில் ஓடியது. வழியிலிருந்த வேகத்தடைகள் எல்லாவற்றுக்கும் சந்திரமதி கேட்காமலேயே இறங்கி நடந்தாள். சாத்தம் பாலத்தைத் தாண்டியபோது பெட்டியைத் திறந்து பார்த்தாள். ஒரு இதழ்கூட அசையவில்லை. வாரக்கணக்கில் முதல் தடவையாகக் கணவனைப் பார்த்துச் சிரித்தாள்.

சிரிப்பு படகுத்துறை வரைக்கும் இருந்தது.

வண்டிகளை ஏற்றிச்செல்லும் ஃபெர்ரி கரையை ஒட்டி நின்றிருந்தது. கடல் வற்றிய நேரம். நீர்மட்டம் ஏறியிருந்தால் ஃபெர்ரியின் இரும்புப் பலகை ஏறக்குறைய மட்டமாக இருக்கும். வற்றினால் செங்குத்தாகச் சரியும். ஸ்கூட்டர்களும் ஒரு லாரியும் இறங்கிப் போயின. கோகுல் முன்சக்கரத்தைப் பலகையின் கீழ் விளிம்புக்குக் கொண்டுபோனதும், அடியில் கர்ரென்று ஒரு சத்தம் வந்தது. காரின் மூக்கு ஃபெர்ரியின் தளத்தில் முட்டிக்கொண்டிருந்தது.

ஃபெர்ரி ஊழியர் குனிந்து பார்த்தார். "நீச்சே லக் ரஹா ஹை" என்றார். அடியில் இடிக்கிறதென்பதை இந்தியில் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. கோகுல் கோணலாக ஏற்றிப் பார்க்கலாமா என்று கேட்டான். காரைக் கோணலாகத் திருப்பப் பலகையின் அகலம் போதவில்லை. ஊழியர் அவனை இரக்கத்தோடு பார்த்துவிட்டு, தண்ணீர் ஏறியதும் வா, ஷாம் கோ, என்றார்.

சாயங்காலம். விருந்து மதியம்.

கோகுல் காரைப் பின்னால் எடுத்து ஓரமாக நிறுத்தினான். பின்னால் காத்திருந்தவர்கள் அவனைத் தாண்டி ஏறினார்கள். அவன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். நஜ்மாவுக்குப் போன் போட்டுப் பார்க்கச் சொன்னான். அவள் எடுக்கவில்லை, கல்யாண வீட்டில் யார் எடுப்பார்கள்? உதயசூரியனைக் கூப்பிடலாமா என்றான். அவன் வருவதற்குள் பெட்டிக்குள் ஐஸ் தண்ணீராகிவிடும் என்றாள் சந்திரமதி. முன்பக்கத்தை மட்டும் ஏற்றினால் போதாதா என்று கேட்டாள். போதும் என்பது அவனுக்குத் தெரியும். ஆனாலும் ஸ்டியரிங்கை விடவில்லை.

அவள் இறங்கினாள். பின்கதவைத் திறந்தாள். ஆகச் சின்னப் பெட்டியைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஃபெர்ரியை நோக்கி நடக்கத் தொடங்கினாள்.

"எங்க போற?"

"வேகத்தடைக்கெல்லாம் நடந்தேன்ல, இதுக்கும் நடக்கிறேன். நீங்க காரைப் பத்திரமா வச்சிருங்க."

"மூணு பெட்டிடி. பெருசைத் தூக்க ரெண்டு ஆள் வேணும். அந்தப் பக்கம் வண்டிக்கு எங்க போவ? வெயில்ல ரோஜா உருகிடும்."

"தெரியுதுல்ல?" என்றாள் அவள், திரும்பாமல்.

பட்டுச்சேலையும் தெர்மாகோல் பெட்டியுமாக அவள் இரும்புப் பலகையில் கால் வைக்கப்போன நேரத்தில், பின்னால் டிக்கி திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஜாக்கியைத் தரையில் போடும் சத்தம்.

அடுத்த ஃபெர்ரிக்குள் முடித்தாக வேண்டும். படகுத்துறை டீக்கடைக்காரர், குளிர்பானப் பெட்டியிலிருந்து பாட்டில்களை வெளியே எடுத்து அடுக்கிவிட்டு, சின்னப் பெட்டிக்கு இடம் கொடுத்தார். மற்ற இரண்டும் கடை நிழலில் இருந்தன. வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேர்ந்தது. மீன் வாங்க வந்த ஒரு பெங்காலி அம்மா, இந்தக் காருக்கு என்ன நோய் என்று இந்தியில் கேட்டார். சந்திரமதிக்கு அதற்கு நிறையப் பதில் இருந்தது. நேரம்தான் இல்லை.

கோகுல் முன்சக்கரத்தைக் கழற்றினான். பூட்டு வளையத்தைத் தளர்த்தினான். உயர வளையத்தில் ஸ்பேனரை மாட்டியவன், திருகாமல் அப்படியே நின்றான். வியர்வை மூக்கு நுனியிலிருந்து சொட்டியது.

"உதயனும் நானும் இதுக்கு எத்தனை ஞாயித்துக்கிழமை உட்கார்ந்தோம்னு உனக்குத் தெரியும்" என்றான் மெல்ல. "திருப்பினா, இருந்த இடம் போயிடும்."

அவளுக்கு வந்த கோபத்தில் அந்த ஸ்பேனரைப் பிடுங்கிக் கடலில் எறிந்திருக்கலாம். அவன் முகத்தைப் பார்த்தாள். அலுவலகத்தில் யார் எது சொன்னாலும் தலையாட்டிவிட்டு வருகிறவன், இத்தனை வருடத்தில் தனக்கென்று பிடிவாதமாக வைத்துக்கொண்டது இந்த ஒன்றைத்தான். அதற்காகக் கோபம் குறைந்துவிடவில்லை. ஆனால் கைப்பைக்குள் கை போயிற்று. வழியில் ரோஜா ஏதாவது நசுங்கினால் சரிசெய்ய இளஞ்சிவப்பு க்ரீமைக் கூம்பில் நிரப்பி ஐஸோடு வைத்திருந்தாள். குனிந்து, வளையம் நின்றிருந்த இடத்தில், மரையின் மேல் ஒரு பொட்டு வைத்தாள்.

"இதுதான இடம்?"

கோகுல் அந்தப் பொட்டைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். பிறகு திருகத் தொடங்கினான். இரண்டாவது சக்கரத்துக்கு, அவன் கேட்காமலேயே அவள் கூம்போடு காத்திருந்தாள்.

மூக்கைத் தூக்கிக்கொண்டு கார் விகாரமாக நின்றது. மோட்டார் படகு புறப்படும்போது முன்பக்கம் எழுமே, அது மாதிரி. ஆனால் எங்கேயும் உரசாமல் இறங்கியது. ஃபெர்ரி ஊழியர் கைதட்டினார். கோகுலுக்கு அது பிடிக்கவில்லை.

மண்டபத்து வாசலில் அலி அக்பரே நின்றிருந்தார். கோகுலின் கிரீஸ் படிந்த சட்டையைப் பார்த்துவிட்டு, எதற்கும் தயாரான முகத்தோடு, பெட்டியைத் திறக்கச் சொன்னார். சந்திரமதி ஒவ்வொன்றாகத் திறந்து, மேஜையில் அடுக்கினாள். மூன்று அடுக்கு. ரோஜாக்கள் அத்தனையும் இருந்த இடத்தில் இருந்தன. அவர் சுற்றி வந்து பார்த்தார்.

"நஜ்மா, நீ சொன்னது சரிதாம்மா" என்றார். பிறகு சந்திரமதியிடம், அடுத்த மாதம் தம்பி வீட்டுக் கல்யாணம் வேறு தீவில், ஹட் பேயில் இருக்கிறது, கப்பலில் கொண்டுவர முடியுமா என்று விசாரித்தார்.

முடியும் என்றாள். கோகுலின் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

திரும்பி வரும்போது முதல் வேகத்தடையில் கார் வேகம் குறைந்ததும், பழக்கத்தில் அவள் கை கதவைத் திறந்தது.

"உட்காரு" என்றான் கோகுல். கார் நேராகவே ஏறி இறங்கியது.

அன்றிரவே கப்பல் கம்பெனியிலிருந்து செய்தி வந்தது. கப்பல் வழக்கம்போலத் தள்ளிப்போயிருந்தது, ஒரு வாரம். கப்பல் தாமதத்துக்காகத் தீவில் ஒருவர் சந்தோஷப்பட்டு அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை. பொட்டு இருக்கும்வரை கவலை இல்லை, காலையில் வளையத்தைப் பொட்டுக்கே இறக்கிவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று சொல்லிக்கொண்டே தூங்கப்போனான்.

காலையில் அவன் குரல் கேட்டு சந்திரமதி வெளியே வந்தாள். வாசல் படியிலிருந்து ஒரு எறும்பு வரிசை கிளம்பி, முற்றத்தைக் கடந்து, முன்சக்கரத்தில் ஏறி, உள்ளே போய்க்கொண்டிருந்தது. இன்னொரு வரிசை மறுபக்கச் சக்கரத்துக்கு. கோகுல் தரையில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். பொட்டு இருந்த மரை, துடைத்து வைத்ததுபோல் சுத்தமாக இருந்தது.

எழுந்து உட்கார்ந்தான். அவள் சிரிப்பாளா, திட்டுவாளா என்று அவனுக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை. அவள் உள்ளே போய், பரணிலிருந்து நைலான் கயிற்றுச் சுருளை எடுத்துவந்து அவன் மடியில் போட்டாள்.

"கட்டுங்க" என்றாள். "இந்தத் தடவை துண்டு காயப்போட மாட்டேன். ஆனா சென்னையில ஓட்டிட்டு வந்ததும், ஹட் பே கேக்குக்கு முன்னாடி வண்டி மறுபடி உயரமா இருக்கணும், அவ்வளவுதான்."