மூவரில் ஒருவர்

செத்துப்போன நீதிபதிகளை இருபது வருடமாகத் திட்டித்தான் சம்பளம் வாங்குகிறேன். ஒஸ்லோவில் சட்ட வரலாறு கற்பிக்கிறேன். உள்நாட்டுப் போருக்கு முந்தைய அமெரிக்காவில், தப்பி ஓடிய அடிமைகளை எசமானர்களிடமே திருப்பி அனுப்பிய நீதிபதிகள் அவர்கள். ஒளித்துவைத்தவர்களையும் தண்டித்தார்கள். வீட்டுக்குப் போய், நெஞ்சு வலிக்கிறது, ஆனால் சட்டம் சட்டம்தானே என்று கடிதம் எழுதினார்கள். "கோழைகள்" என்பேன் வகுப்பில். பிறகு வீட்டுக்கு வந்து தனியாகச் சாப்பிடுவேன். என்னை எதிர்த்துப் பேச அங்கே ஆளில்லை. அதனால் நான் சொன்னதெல்லாம் சரியாகவே இருந்தது.

போன நவம்பரில் ஒரு வழக்கில் தீர்ப்புச் சொல்ல என்னை நீதிமன்றத்துக்கு அழைத்தார்கள். இங்கே குற்ற வழக்குகளில் நீதிபதியோடு பொதுமக்களில் இருவரும் அமர்வார்கள். மூவருக்கும் சமமான வாக்கு.

குற்றம் சாட்டப்பட்டவர் அரசரத்தினம். திருகோணமலைக்காரர், ஒஸ்லோவின் ஓரத்தில் மோர்டென்ஸ்ருட்டில் குடியிருக்கும் பஸ் டிரைவர். நாட்டைவிட்டுப் போக உத்தரவான கனகாம்பிகை என்ற பெண்ணுக்கு ஐந்து மாதம் வீட்டில் இடம் கொடுத்திருந்தார். சோறும் படுக்கையும் கொடுப்பது குற்றமில்லை. போலீஸிடமிருந்து மறைக்கும் எண்ணத்தோடு கொடுத்தால் குற்றம். போலீஸ் வந்து தட்டியபோது அவர் கதவைத் திறக்கவில்லை.

"ஏன் திறக்கவில்லை?" என்று நீதிபதி கேட்டார்.

"பயத்திலை. அங்கை ஒருக்காக் கதவைத் தட்டித்தான் என்ரை தம்பியைக் கொண்டு போனவங்கள். இண்டைக்கும் கதவு தட்டினா எனக்குக் கை கால் ஓடாது. அவவை ஒளிக்கவேணும் எண்டு நான் நினைக்கேல்லை."

மொழிபெயர்ப்பாளர் வாய் திறக்கும் முன்பே எனக்குப் புரிந்துவிட்டது. அவர் என்னைப் பார்த்துத்தான் பேசினார். நான் கும்பகோணத்துக்காரி, என் தமிழ் வேறு. ஆனாலும் அந்த அறையில் அவருக்கு நான்தான் இருந்தேன். அவரை நம்பினேன். துளி சந்தேகமில்லாமல் நம்பினேன்.

உள்ளறையில் பொதுமக்கள் முதலில் வாக்குச் சொல்ல வேண்டும், நீதிபதி கடைசியில். அவர் முகம் பார்த்து நாங்கள் முடிவெடுத்துவிடக் கூடாதென்று அப்படி ஒரு முறை. "விசாலம், நீங்கள்?" என்றார் நீதிபதி. பக்கத்திலிருந்த ஓய்வுபெற்ற தபால்காரர் என்னைப் பார்த்தார். தமிழச்சி தமிழனை விட்டுக்கொடுக்க மாட்டாள் என்று அவர் நினைப்பதாக நான் நினைத்தேன். பாவம், மனிதர் என்ன நினைத்தாரோ.

"குற்றவாளி," என்றேன். "மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் சட்டம் என்று ஒன்று இருக்கிறதே."

தபால்காரர் தலையாட்டினார். "அவர்கள் வாழ்க்கை உங்களுக்குத்தான் தெரியும். நீங்களே சொன்னால் சரி. குற்றவாளி."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "நான் அவரை நம்புகிறேன். விடுவிக்கலாம் என்பது என் வாக்கு."

இரண்டுக்கு ஒன்று. முப்பது நாள் சிறை. அப்போதும் நான் வாக்கை மாற்றியிருக்கலாம். வெட்கம், மாற்றவில்லை. எந்தக் கோழையைப் பற்றிப் பேசியபோதும், அவருக்கும் இப்படி ஒரு வெட்கம் இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

தீர்ப்பை வாசித்தபோது, மூவரில் ஒருவர் உடன்படவில்லை என்று மட்டும் சொன்னார்கள். யாரென்று சொல்லவில்லை.

இங்கே சிறைக்கு உடனே கொண்டுபோவதில்லை, அழைப்பு பிறகுதான் வரும். வெளியே அரசரத்தினம் எனக்காகக் காத்து நின்றார்.

"அந்த ஒராள் நீங்கள்தான் எண்டு எனக்குத் தெரியும், அம்மா," என்று கைகூப்பினார். "ஒராள் எண்டாலும் என்னை நம்பினது. எனக்கு அது போதும்."

எழுத்துத் தீர்ப்பில் யார் எந்தப் பக்கம் வாக்களித்தார் என்று பெயரோடு இருக்கும். அடுத்த வாரம் அது அவர் வீட்டுக்குப் போய்ச் சேரும். அது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் நானும் கைகூப்பினேன்.